டீச்சர் வந்துபோன வீடுகள்

அந்தத் தெருவில் எந்தச் சாவியைப் போட்டாலும் எந்தப் பூட்டும் திறக்கும் என்பது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழேகால் மணிக்குத் தொடங்கியது. இரவுப் பணி முடித்து வந்த நர்ஸ், தூக்கக் கலக்கத்தில் வீட்டுச் சாவிக்குப் பதில் ஸ்கூட்டர் சாவியைக் கதவில் நுழைத்துத் திருப்பி, உள்ளே போய், கால் கழுவி, படுத்துத் தூங்கிவிட்டார். மதியம் எழுந்து ஸ்கூட்டர் சாவியைத் தேடியபோது அது கதவில் தொங்கிக்கொண்டிருந்தது. சந்தேகம் தீர பீரோ சாவியைப் போட்டுப் பார்த்தார், திறந்தது. பழைய டிரங்குப் பெட்டிச் சாவியைப் போட்டார், அதற்கும் திறந்தது. விஷயத்தைத் தெருவின் செக்ரட்டரியிடம் சொல்லிவிடலாம் என்று கடைசி வீட்டுக்குப் போனவர், அழைப்பு மணி வேலை செய்யாததால், கையிலிருந்த டிரங்குப் பெட்டிச் சாவியாலேயே அந்த வீட்டுக் கதவில் இருந்த ஐந்து பூட்டுகளையும் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்துகொண்டு உள்ளே போய் நின்றார். செக்ரட்டரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நாலு வருடமாக ஒரே தெருவில் இருந்தும் இருவரும் பேசிக்கொண்டது அதுதான் முதல் தடவை. செக்ரட்டரி கேட்டது, ஐந்தாவது பூட்டுமா திறந்தது என்பது. அது அதற்கு முந்தின நாள்தான் வாங்கியது.

இரண்டு நாளில் இருபத்தாறு வீட்டாரும் சோதித்துப் பார்த்து முடித்தார்கள். சைக்கிள் சாவி பீரோவைத் திறந்தது, பீரோ சாவி எதிர்வீட்டு இரும்புக் கேட்டைத் திறந்தது. தெருவுக்குள் ஓர் இரவாவது தங்காத சாவி மட்டும் எதையும் திறக்கவில்லை. வெளியூரிலிருந்து வந்த விருந்தாளி ஒருவரின் பெட்டிச் சாவி வந்த அன்றைக்குச் சும்மா இருந்துவிட்டு, மறுநாள் காலை பக்கத்து வீட்டு மோட்டார் அறையைத் திறந்தது. பூட்டுக் கம்பெனியிலிருந்து ஓர் ஆள் கைப்பெட்டியோடு வந்து நாள் முழுக்கத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பூட்டுகளில் குறையில்லை, சாவிகளிலும் குறையில்லை, தெருவைப் பரிசோதிக்கத் தனக்கு அதிகாரமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தக் காகிதத்தைச் செக்ரட்டரி கோப்பில் வைத்துக்கொண்டார்.

செக்ரட்டரியை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடம் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவி போன பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லாமல் இருந்தவர். தெருவில் இரண்டு வீடுகளில் திருடு போன வருடம், கழுத்தில் ஒரு விசிலை மாட்டிக்கொண்டு தானே பொறுப்பை எடுத்துக்கொண்டார். தெரு முனையில், லாரிகள் போகும் பெரிய சாலையைப் பார்த்தபடி, ‘அந்நியர்கள் கண்காணிக்கப்படுகிறார்கள்’ என்று பலகை வைத்தவரும் அவர்தான். ஆனால் அந்தத் தெருவில் யார் அந்நியர் என்பது சுலபத்தில் சொல்லக்கூடியதாக இல்லை. எட்டாம் எண் வீட்டாரை ஒன்பதாம் எண் வீட்டார் பார்த்தால் அடையாளம் தெரியாது. பதினாலுக்கும் பதினைந்துக்கும் சாக்கடைத் தகராறில் ஒன்பது வருடமாகப் பேச்சு கிடையாது. திருட்டுக்குப் பிறகு எல்லோரும் செய்தது ஒன்றே ஒன்றுதான், பூட்டு வாங்கியது. சாவிகள் இப்படி ஆன அன்றைக்குத் தெருவில் மொத்தம் நூற்று நாற்பத்தொரு பூட்டுகள் இருந்ததாகச் செக்ரட்டரியின் கணக்கு.

உள்தாழ்ப்பாளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வீட்டில் ஆள் இருந்தால் பயமில்லை. வெளியே போனால்தான் தொல்லை. எனவே, கூச்சப்பட்டுக்கொண்டே, ஜனங்கள் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, கொஞ்சம் வெளியே போகிறோம், ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அப்படிச் சொல்வதற்கு முதலில் தங்கள் வீட்டு எண்ணைச் சொல்ல வேண்டியிருந்தது, நாங்கள் உங்கள் பக்கத்து வீடுதான் என்று விளக்க வேண்டியிருந்தது. சாக்கடைத் தகராறுக்காரர்கள் மட்டும் ஒருவர் வெளியே போனால் இன்னொருவர் போகாமல், ஒருவரை ஒருவர் காவல் காத்தபடி வீட்டிலேயே கிடந்தார்கள்.

இதில் யாரிடமும் எதுவும் சொல்லாமல் இருந்தவர் நர்ஸுக்குப் பக்கத்து வீட்டு டிரைவர். முப்பத்தொரு வருடம் அரசாங்க பஸ் ஓட்டியவர், ஒரு நாய்மீதுகூட ஏற்றியதில்லை என்று பெயர் வாங்கியவர். அவர் மனைவி ஆரம்பப் பள்ளியில் டீச்சராக இருந்தவர். டீச்சருக்கு மூட்டுவலி, அதனால் வெளியே வருவதில்லை என்று அவர் இரண்டு வருடமாகச் சொல்லிவந்தார். டீச்சருக்கு மூட்டில் ஒன்றுமில்லை, நினைவுதான் கழன்று கழன்று விழுந்துகொண்டிருந்தது. முதலில் சாமான்களின் பெயர் போனது, பிறகு கிழமை போனது, பிறகு மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருப்பது போனது. ஒருமுறை பெரிய சாலையின் நடுவில் நின்று லாரிகளைக் கையைக் காட்டி வரிசையில் நிற்கச் சொன்னார். லாரிகள் நின்றன. ஆனாலும் டிரைவர் ஆடிப்போய்விட்டார். அன்றிலிருந்து கடைக்குப் போகும்போது அவரை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிவிட்டுப் போவார். கடைக்குப் போக அரை மணி நேரம் போதும். ஆனால் திரும்பும் வழியில் பஸ் டிப்போ வாசலில் இன்னொரு அரை மணி நேரம் நின்று, உள்ளே போகிற, வெளியே வருகிற பஸ்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாளில் அவர் நிம்மதியாக மூச்சு விடுவது அந்த அரை மணியில்தான். அதை நினைத்து மீதி நாள் முழுக்க வெட்கப்படுவார்.

கதவில் இருந்தது இரண்டு பக்கமும் சாவி போடுகிற பூட்டு. தையல் மெஷின் மூடியின் சின்னச் சாவி டீச்சரிடம் இருந்தது. எல்லாச் சாவியும் எல்லாப் பூட்டையும் திறக்க ஆரம்பித்த மூன்றாம் நாள், டிரைவர் கடைக்குப் போனதும், டீச்சர் அந்தச் சாவியால் கதவைத் திறந்து, வெளியே வந்து, மறுபடியும் பூட்டிவிட்டு நடந்தார். எதையும் முறையாகச் செய்து பழகியவர். ஆளில்லாத வீடாகப் பார்த்துத் திறந்தார் என்று சொல்ல முடியாது. எந்த வீட்டில் தாழ்ப்பாள் போடவில்லையோ அங்கே போனார், அங்கே பெரும்பாலும் ஆள் இல்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு வீட்டிலும் ஏதாவது ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, டிரைவர் வருவதற்குள் திரும்பிவிடுவார். இப்படித் தினமும் இரண்டு மூன்று வீடு. நர்ஸ் வீட்டு அலாரம் கடிகாரம் போனது. பதினோராம் எண் தையல்காரரின் பெரிய கத்தரிக்கோல் போனது. ஒரு வீட்டில் ஒற்றைச் செருப்பு, ஒரு வீட்டில் கல்யாணப் போட்டோ, செக்ரட்டரி வீட்டில் மூக்குக்கண்ணாடி. விலை உயர்ந்தது ஒன்றுகூட இல்லை. அதுதான் தெருவை அதிகமாகக் கலக்கியது. நகையை எடுக்கிற திருடனைப் புரிந்துகொள்ளலாம், சீப்பை எடுக்கிறவனை என்னவென்று நினைப்பது?

டிரைவர் கட்டிலுக்கு அடியில் பெருக்கக் குனிந்தபோது அவற்றைக் கண்டுபிடித்தார். ஒவ்வொரு பொருளும் பழைய செய்தித்தாளில் ஒழுங்காகச் சுற்றப்பட்டு, மேலே வீட்டு எண் எழுதப்பட்டிருந்தது. கையெழுத்து மட்டும் மாறவே இல்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. பள்ளிக்கூட நாட்களில் டீச்சர் மாலையில் பிள்ளைகளின் நோட்டுகளைக் கட்டாகத் தூக்கி வருவார், இரவெல்லாம் திருத்தி மறுநாள் திருப்பிக் கொடுப்பார். இப்போது கொண்டுவருவது ஞாபகம் இருக்கிறது, மறுநாள் என்பதுதான் இல்லை. டிரைவர் ஒரு பையில் நாலு பொட்டலங்களை எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் வைத்துவிட்டு வந்துவிடலாம் என்று கிளம்பினார். கேட் வரைக்கும் போனார். எதிரே செக்ரட்டரி விசிலோடு வந்துகொண்டிருந்தார். டிரைவர் திரும்பிப் பையை மறுபடி கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, டீச்சரின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். டீச்சர் அவர் கையைப் பிடித்துத் திருப்பி, நகம் வெட்டியிருக்கிறதா என்று பார்த்தார்.

தெருவுக்கு ஒரு திருடன் தேவைப்பட்டது. எட்டு மாதத்துக்கு முன்பு தெருவில் ஒரு வீட்டின் மாடி அறைக்குக் குடிவந்த லிஃப்ட் மெக்கானிக் அதற்கு எல்லா வகையிலும் பொருத்தமாக இருந்தார். முப்பது வயது, தனி ஆள். எந்தக் கட்டிடத்தில் லிஃப்ட் நின்றாலும் அந்த நேரத்துக்குக் கிளம்பிவிடுவார், மற்ற நேரம் பகலில் அறையில் இருப்பார். கையில் எப்போதும் ஒரு கருவிப் பை. யாரிடமும் பேசமாட்டார், ஏனென்றால் அவரிடம் யாரும் பேசியதில்லை. ஒரு நாள் அவர் வேலைக்குப் போனதும், செக்ரட்டரியும் இன்னும் மூன்று பேரும் மாடிக்குப் போய், யாரோ ஒருவரின் பெட்டிச் சாவியால் அவர் அறையைத் திறந்து பார்த்தார்கள். ஒரு பாய், ஒரு தலையணை, ஒரு ஸ்டவ், கயிற்றில் இரண்டு சட்டை. காணாமல் போனது எதுவும் இல்லை. ஆனால் கழுவிக் கவிழ்த்த தட்டு இரண்டு இருந்தது, தம்ளரும் இரண்டு. தனி ஆளுக்கு இரண்டாவது தட்டு எதற்கு என்று யோசித்த செக்ரட்டரி, கூட்டாளி இருக்கிறான் என்று முடிவு கட்டி நோட்டில் எழுதிக்கொண்டார். டிரைவர் இதையெல்லாம் கேள்விப்பட்டார். இருந்தும் வாயைத் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்குத் தெருவிலேயே நாற்காலிகளைப் போட்டுக் கூட்டம் நடந்தது. அத்தனை பேரும் ஒரே இடத்தில் கூடுவது அதுதான் முதல் தடவை என்பதால், யார் எந்த வீடு என்று கேட்டுத் தெரிந்துகொள்வதிலேயே கொஞ்ச நேரம் போனது. லிஃப்டுக்காரரையும் கூப்பிட்டிருந்தார்கள். அவர் உட்காரவில்லை, நாற்காலி மிச்சம் இருந்தும் யாரும் உட்காரச் சொல்லவில்லை. டிரைவர் டீச்சரை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வந்து கடைசி வரிசையில் இருந்தார். பூட்டுவதில் அர்த்தமில்லை என்று அவருக்குத் தெரியும், இரண்டு வருடப் பழக்கம், கை தானாகப் பூட்டிவிட்டது.

செக்ரட்டரி மோசமான மனிதர் இல்லை. தொழிற்சாலையில் ஆட்களை நிறுத்தும்போது பேசிப் பழகிய அதே மெதுவான குரலில்தான் பேசினார்.

“தம்பி, உங்களத் திருடன்னு யாரும் சொல்லல. மாசக் கடைசிக்குள்ள வேற எடம் பாத்துக்கிட்டா உங்களுக்கும் நல்லது, எங்களுக்கும் நிம்மதி.”

லிஃப்டுக்காரர் “சரி சார்” என்றார்.

அவர் இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. எல்லோரும் நாற்காலியில் நெளிந்தார்கள். அப்போது கடைசி வரிசையில் டிரைவர் எழுந்தார். முன்னால் இருந்த காலி நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டார்.

“அந்தச் சாமானெல்லாம் எங்க வீட்ல இருக்கு. கட்டிலுக்கு அடியில, நாப்பத்திரண்டு பொட்டலம். எடுத்தது எங்க வீட்டுக்காரம்மா. அவங்களுக்கு ரெண்டு வருஷமா நெனவு சரியில்ல. நான்தான் வெளிய தெரியாம பூட்டி வச்சிருந்தேன். இந்தத் தம்பி பேரு அடிபட்டப்பவும் சும்மாதான் இருந்தேன். அதுக்கு என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல.”

சொல்லிவிட்டு உட்கார மறந்து நின்றார். நர்ஸ் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் பதினைந்து நோயாளிகளுக்கு நாடி பிடிக்கிறவர், நடுச்சுவர் ஒன்றாக இருந்தும் அந்தப் பக்கம் நடப்பது தெரியாமல் இருந்துவிட்டோமே என்று அவருக்கு முகம் சுண்டிப்போயிற்று. லிஃப்டுக்காரர்தான் அடுத்துப் பேசினார்.

“எனக்குத் தெரியும் சார். என் ரூமுக்கும் வந்திருக்காங்க, நாலஞ்சு தடவ. கையில கிரீஸ் இருக்குன்னு திட்டி, சோப்புப் போட்டுக் கழுவ வச்சாங்க. டீ போட்டுக் குடுத்தா குடிப்பாங்க. அப்புறம் நானே கூட்டிட்டு வந்து உங்க வாசல்ல விட்டுட்டு, உள்ள போற வரைக்கும் நின்னு பாத்துட்டுப் போவேன்.”

“அப்ப ஏன் சொல்லல?” என்றார் செக்ரட்டரி. “உங்க மேல பழி வருதுன்னு தெரியும்ல?”

“சொன்னா இன்னும் பெரிசா எதையாவது வச்சு அவங்கள அடச்சிடுவாங்கன்னு நெனச்சேன். இங்க வந்து எட்டு மாசத்துல என்னப் பாக்க வந்தவங்க அவங்க ஒருத்தர்தான் சார்.”

செக்ரட்டரி நோட்டைத் திறந்து, கண்ணுக்கு மிக அருகில் பிடித்து, இரண்டாவது தட்டைப் பற்றி எழுதியிருந்த வரியைத் தேடி அடித்தார். பிறகு, நாற்காலியில் உட்காருமாறு லிஃப்டுக்காரரிடம் சொன்னார். அவர் உட்கார்ந்தார்.

பொட்டலங்களை எடுத்துக்கொள்ளலாம் என்று எல்லோருமாக டிரைவர் வீட்டுக்குப் போனபோது, கதவு பூட்டியிருந்தது, உள்ளே டீச்சர் இல்லை. நாற்காலிகளுக்குப் பின்னால் அவர் நடந்துபோனதை யாரும் பார்க்கவில்லை. கூடத்துத் தரையில் செய்தித்தாள் பொட்டலங்கள் வீட்டு எண்படி வரிசையாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அவற்றில் ஒன்று குறைவதை அப்போது யாரும் கவனிக்கவில்லை. டிரைவர் பின்கட்டு, குளியலறை, மாடிப்படி எல்லாம் ஓடிப் பார்த்துவிட்டு வந்து, ரோடு, ரோடு என்று மட்டும் சொன்னார். நர்ஸும் இன்னும் ஐந்தாறு பேரும் பெரிய சாலைக்கு ஓடினார்கள். ஞாயிற்றுக்கிழமையிலும் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. சாலையின் இரு பக்கமும், பஸ் நிறுத்தத்திலும், பெட்ரோல் பங்க்கிலும் டீச்சர் இல்லை. செக்ரட்டரி விசிலை வாயில் வைத்து ஊதியபடி தெருவின் நடுவில் நின்றார். அந்த விசிலை ஒரு காரியத்துக்காக அவர் ஊதியது அன்றைக்குத்தான். மற்றவர்கள் வீடு வீடாகப் போனார்கள். யார் எந்த வீட்டுக்குப் போவது என்று பேசிக்கொள்ள நேரமில்லை. கைக்குக் கிடைத்த சாவியால் கைக்குக் கிடைத்த கதவைத் திறந்து, அடுத்தவர் வீட்டுக் கட்டிலுக்கு அடியிலும் குளியலறையிலும் மாடியிலும் டீச்சர், டீச்சர் என்று கூப்பிட்டுக்கொண்டே தேடினார்கள்.

அந்த முக்கால் மணி நேரத்தில் அந்தத் தெரு தன்னைப் பற்றித் தெரிந்துகொண்டதற்கு அளவில்லை. பதினோராம் எண்ணில் தையல்காரர் கூட்டத்துக்கும் வராமல், விசிலுக்கும் திரும்பாமல் தைத்துக்கொண்டிருந்தார். தோளைத் தொட்டதும்தான் துள்ளி எழுந்தார். அவருக்கு இரண்டு காதும் கேட்காது. வீடு பற்றி எரிந்து ஊரே கத்தினாலும் மெஷினை விட்டு எழுந்திருக்கமாட்டார் என்பது அப்போதுதான் தெரிந்தது. பத்தொன்பதாம் எண்ணில், வியாதிக்காரர் இருந்தால் வீடு கிடைக்காது என்று மூன்று வருடமாக மறைத்து வைத்திருந்த அப்பா ஒருவர், ஆக்ஸிஜன் சிலிண்டரின் குழாயை மூக்கில் வைத்தபடி, வந்தவர்களுக்குக் கையெடுத்து வணக்கம் சொன்னார். ஏழாம் எண்ணில் தனியாக இருந்த, வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அம்மா, முதல் திருட்டு நடந்த நாளிலிருந்து ஒவ்வொரு மாலையும் சாப்பாட்டு மேசையைத் தள்ளிக்கொண்டுபோய்க் கதவுக்கு முட்டுக்கொடுத்து வந்திருக்கிறார். தரையில் மேசைக்கால்கள் இழுத்த தடம் தண்டவாளம்போலப் பதிந்து கிடந்தது. பதினாலாம் எண்காரர் தன்னை அறியாமல் பதினைந்தாம் எண்ணுக்குள் புகுந்துவிட்டார். அங்கே உள்சுவரில் சாக்கடை ஈரம் இடுப்பளவுக்கு ஏறியிருந்தது. எதிராளி ஒன்பது வருடமாகச் சொல்லிவந்தது பொய்யில்லை என்று பார்த்துக்கொண்டு, அடுத்த அறையில் தேடப் போனார்.

டீச்சர் இருபத்தாறாம் எண்ணில், செக்ரட்டரி வீட்டுச் சமையலறையில் இருந்தார். ஐந்து பூட்டு போட்ட வீடு என்பதால் அங்கே கடைசியாகத்தான் போனார்கள். கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்ற அவசரத்தில் செக்ரட்டரி அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்திருந்தார். பால் பொங்கி, வற்றி, தீய்ந்து, பாத்திரம் கறுத்துப்போயிருந்தது. பக்கத்து ஜன்னல் திரையின் ஓரம் ஒரு சாண் உயரத்துக்குப் பொசுங்கியிருந்தது. அடுப்பு அணைந்திருந்தது. டீச்சர் கைகளை முழங்கை வரை நனைத்துக்கொண்டு அந்தப் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மேசையில், பிரித்த செய்தித்தாளின் நடுவில், செக்ரட்டரியின் மூக்குக்கண்ணாடி இருந்தது. டிரைவர் ஓடிவந்து வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றார். டீச்சர் அவரை நிமிர்ந்து பார்த்து, “எல்லாரும் வந்தாச்சா?” என்று கேட்டார். வந்தாச்சு டீச்சர் என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்.

அடுப்பை அணைத்தது யார் என்பதில் இரண்டு கருத்து உண்டு. மறுநாள் பார்த்தபோது எரிவாயு சிலிண்டர் காலியாக இருந்தது, அதனால் அது தானாகத்தான் அணைந்திருக்க வேண்டும் என்பது சிலர் கட்சி. அடுப்பின் திருகு மூடியிருந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாகச் செக்ரட்டரி கடைசிவரை சாதித்தார். கண்ணாடி இல்லாமல் எப்படிப் பார்த்தீர்கள் என்று கேட்டால், அதற்குள் போட்டுக்கொண்டேன் என்பார். அன்று மாலை அவர் தெருமுனைக்குப் போய் அந்தப் பலகையைக் கழற்றிக்கொண்டு வந்தார். அதன் பின்பக்கத்தில் லிஃப்டுக்காரர் இருபத்தாறு வீடுகளுக்கும் மின்கம்பி போகும் வழியை வரைந்தார்.

அதன் பிறகு நடந்தவை எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக நடந்தவை. லிஃப்டுக்காரர் பழைய லிஃப்டுகளிலிருந்து கழற்றிய மணிகளையும் விளக்குகளையும் கொண்டுவந்து வீட்டுக்கு ஒன்றாகப் பொருத்தினார். ஒரு வீட்டில் பித்தானை அழுத்தினால் எல்லா வீட்டிலும் மணி அடித்து, எந்த வீடு என்று எண் எரியும். தையல்காரருக்கு மட்டும் மணிக்குப் பதில், மெஷினுக்கு நேர் மேலே சிவப்பு விளக்கு. அவசரம் என்றால் யாரை யார் தூக்கிக்கொண்டு வெளியே வருவது என்பதை நர்ஸ் வீடு வீடாகப் போய்ப் பேசி முடித்தார். ஆக்ஸிஜன் அப்பாவுக்குப் பதினாலும் பதினைந்தும் பொறுப்பு, ஒருவர் ஆளைத் தூக்க வேண்டும், இன்னொருவர் சிலிண்டரைத் தூக்க வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை பார்த்தார்கள். ஒத்திகையின்போது அந்தப் பெரியவர், கொஞ்சம் மெதுவாப் போங்கப்பா, தெருவைப் பாத்து நாளாச்சு என்பார். அவரைத் தூக்கியபடி தெருமுனை வரை போய்த் திரும்புவார்கள். சாக்கடையைச் சரிசெய்துவிட்டார்கள்.

டீச்சருக்கு டிரைவர் ஒரு ரூட் போட்டுக் கொடுத்தார். ஒன்பது மணிக்கு வீட்டிலிருந்து புறப்பாடு, ஒன்பது பத்துக்கு நர்ஸ் வீடு, ஒன்பதரைக்கு ஏழாம் எண், பத்துக்குத் தையல்காரர், பத்தே முக்காலுக்கு மாடி அறை. ஒரு வீட்டிலிருந்து கிளம்பியதும் அந்த வீட்டார் பித்தானை அழுத்துவார்கள், அடுத்த வீட்டார் வாசலில் வந்து நிற்பார்கள். வழிச்சத்திரம்போல நடுவில் ஒரு வீட்டில் டீச்சர் பத்து நிமிஷம் கண்ணயர்வதும் உண்டு. அவர் எடுக்கும் பொருளை எடுக்க விடுவார்கள். சாயங்காலம் டிரைவர் பையோடு கிளம்பி, எண்ணைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு இரண்டு வார்த்தை பேசிவிட்டு வருவார். டீச்சர் ரூட்டில் இருக்கும் நேரத்தில் அவர் டிப்போ வாசலுக்குப் போவார். ஒரு நாள், ஏன் ஒளிந்து நிற்கிறீர்கள், உள்ளே வாருங்கள் என்று அங்கிருந்தவர்கள் கூப்பிட்டு, புதிதாக வந்த பஸ் ஒன்றில் ஏற்றி உட்காரவைத்தார்கள். தெருவில் யாருடைய நகமும் வளர்வதில்லை என்று பக்கத்துத் தெருக்காரர்கள் கேலி பேசினார்கள், அது உண்மைதான்.

ஏழாம் எண் அம்மா மேசையை நகர்த்துவதை எப்போது நிறுத்தினார் என்று அவருக்கே தெரியாது. ஒரு நாள் காலை டீச்சர் வந்தபோது அது சாப்பாட்டு மேசையாகவே இருந்தது, அதில் இருவரும் உட்கார்ந்து பட்டாணி உரித்தார்கள்.

நாலு வருடம் டீச்சர் அந்த ரூட்டில் போய்வந்தார். கடைசி வருடத்தில் நிறுத்தங்கள் குறைந்தன. மாடிப்படி ஏற முடியாமல் போனதும் லிஃப்டுக்காரர் கீழே வந்து கையை நீட்டிவிட்டுப் போவார். பிறகு நடக்கவே முடியாமல் போனபோது, வீடுகள் டீச்சரிடம் வர ஆரம்பித்தன. ஒன்பது பத்துக்கு நர்ஸ், ஒன்பதரைக்கு ஏழாம் எண், பத்துக்குத் தையல்காரர் என்று அவரவர் நேரத்துக்கு, அவரவர் கையில் இருந்த ஏதோ ஒரு சாவியால் கதவைத் திறந்துகொண்டு வந்து, கட்டிலருகே உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். டிரைவர் யாருக்கும் எழுந்து கதவைத் திறக்க வேண்டியிருந்ததில்லை. ஒரு வியாழக்கிழமை, மழை விட்ட காலை நேரத்தில், நர்ஸ் நாடியைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே டீச்சர் இறந்துபோனார். நர்ஸ் பித்தானை அழுத்தவில்லை. ஆனாலும் எல்லா வீட்டிலும் மணி மெதுவாக ஒருமுறை அடித்தது, தையல்காரரின் மெஷினுக்கு மேலே விளக்கு எரிந்தது. எல்லோரும் வந்தார்கள்.

டிரைவரை மகள் தன் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பன்னிரண்டு மாடிக் கட்டிடம், நல்ல காற்று, தனி அறை. மருமகன் மரியாதையாக நடத்தினார், பேத்தி மடியை விட்டு இறங்கவில்லை. டிரைவருக்கு ஒரு குறையும் இல்லை. பத்தாம் நாள் காலை, ஒன்பது பத்து இருக்கும், அவர் எதிர் ஃபிளாட்டின் கதவில் தன் வீட்டுச் சாவியைப் போட்டுத் திருப்பிக்கொண்டிருந்தார். உள்ளிருந்தவர்கள் பயந்துபோய்க் காவலாளியைக் கூப்பிட்டார்கள். மகள் ஓடிவந்து மன்னிப்புக் கேட்டு, அப்பாவை உள்ளே கூட்டிப்போய், கதவைச் சாத்திவிட்டு, அம்மா மாதிரியே அப்பாவுக்கும் ஆரம்பித்துவிட்டதோ என்ற பயத்தில் அழுதாள். டிரைவர் அவள் தலையைத் தடவினார். தனக்கு எல்லாம் ஞாபகம் இருப்பதாகச் சொல்லி, கிழமையையும் தேதியையும் அவள் பிறந்த நேரத்தையும் சொல்லிக் காட்டினார்.

“அப்புறம் ஏம்பா அப்படிப் பண்ணீங்க?”

“அந்த வீட்ல ஒரு பெரியவர் இருமிக்கிட்டே இருந்தாரும்மா. ரெண்டு நாளா. என்னன்னு பாக்கலாம்னு போனேன். தொறக்கல.”

பதினோராம் நாள் அவர் பெட்டியோடு பஸ் ஏறினார். தெருவுக்கு வந்தபோது மதியம் இரண்டு மணி. வீட்டுக் கதவு சாத்தியிருந்தது, உள்தாழ்ப்பாள் போடவில்லை. கூடம் பெருக்கியிருந்தது, கொடியில் யாருடைய துணியோ காய்ந்தது. அடுக்களையில், ஏழாம் எண் பாத்திரம் ஒன்றில் குழம்பு மூடி வைத்திருந்தது. கட்டிலில் லிஃப்டுக்காரர் கையை நெற்றியில் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். மாடியில் வெயில் நேரத்தில் படுக்க முடியாது. டிரைவர் சத்தம் வராமல் பெட்டியைக் கீழே வைத்தார். வெளிச்சம் தூங்குகிறவர் முகத்தில் விழாதபடி ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். பிறகு, பயணத்தில் வேர்த்துப்போயிருந்ததால் குளித்தால் தேவலை என்று தோன்றியது. தன் வீட்டுக் குளியலறையில் தண்ணீர் விழும் சத்தத்துக்கு அந்தத் தம்பி விழித்துவிடுவார் என்று நினைத்து, துண்டையும் சோப்பையும் எடுத்துக்கொண்டு, கையில் கிடைத்த சாவியோடு பக்கத்து நர்ஸ் வீட்டைத் திறந்துகொண்டு குளிக்கப் போனார்.